கூடைப்பந்து வீரர் பிராட்லி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பிப் பேராற்றின் கரையருகே கிரிஸ்டல் சிட்டி என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்ப் பக்கத்தில் கிடைத்த வெண்மணலைக் கொண்டு கண்ணாடி செய்யும் ஆலை ஒன்று முன்னாளில் அங்கு எழுந்தது. பளிங்கு நகர் எனப் பொருள்படும் பெயரும் அதனால் வந்ததே. அவ்வூரில் 1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் பில் பிராட்லி பிறந்தார். அவர் தம் பெற்றோர்க்கு ஒரே மகன். தந்தையார் அவ்வூர் வங்கியின் தலைவர். முதுகெலும்பைப் பற்றிய வாதநோயினால், குனிந்து தம் காலணியின் கயிற்றைக் கட்டவும் இயலாதவர். தாயார் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஓடவும் தாவவும் இயலாத ஒருவரின் இல்லத்தில், உலகம் வியக்க ஓடியும் தாவியும் ஆடிய மகன் வளர்ந்தான் என்பது எண்ணத்தக்கது.

அவர் தேர்ந்துகொண்ட ஆட்டம் கூடைப்பந்து. அது பழமையானதன்று. 1891ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், உடற்பயிற்சி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், பனிக்காலத்தில் கூடத்திற்குள்ளேயே மாணவர் ஆடுதற்கென அதனை வகுத்தார். பழம் இடும் கூடைகள் இரண்டினைக் கூடத்து மேல்மாடத்தின் விளிம்பில் 10 அடி உயரத்தில் அறைந்து, அவற்றுள் பந்தை எறியச் செய்தார். கூடை போய் இரும்பு வளையம் வந்துவிட்டது; ஆயினும் அந்த 10 அடி உயரம் இன்றும் மாறவில்லை. ஆகவே இவ்வாட்டம் கல்விச்சாலையிற் பிறந்த குழந்தை எனலாம். கூலிக்கு ஆடுவோர் பின்னரே அதனைக் கைக்கொண்டனர்.

பிராட்லியிடம் இயற்கை அளித்த வேகம் மிகுதியாக இல்லை. உயரத் தாவும் ஆற்றலும் பெரிதன்று. இவ்விரு குறைகளையும் சிறுவயதிலேயே அறிந்துகொண்டு, உழைப்பினால் அவற்றை ஈடுசெய்ய முயன்றார். பள்ளி விட்டபின் நாடோறும் மூன்றரை மணி நேரம். சனிக்கிழமைகளில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. ஞாயிறன்று பிற்பகல் முழுதும்: இவ்வாறு தமக்குத் தாமே கால அட்டவணை வகுத்துக்கொண்டு பழகினார். காலணிகளுக்குள் ஈயத் துண்டுகளை இட்டு ஓடினார். ஆடுகளத்தில் நாற்காலிகளை எதிரிகளாக நிறுத்தி, அவற்றினூடே பந்தைத் தட்டிச் சென்றார். பந்தைப் பாராமலே தட்டிப் பழக வேண்டி, மூக்குக் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் அட்டையை ஒட்டிக் கீழ்ப்பார்வையை மறைத்துக்கொண்டார். கடைத்தெருவில் நேரே நோக்கி நடந்தபடியே, இருமருங்கும் உள்ள கடைகளில் வைத்திருக்கும் பொருள்கள் இன்னவை என்று கடைக்கண்ணால் அறியவும் பழகினார்.

இவற்றின் பயன் பின்னர் ஒருநாள் வியப்பூட்டும் வகையில் வெளிப்பட்டது. ஜான் மக்பீ என்னும் எழுத்தாளர், கல்லூரி மாணவரான பிராட்லியைப் பற்றி எழுத எண்ணி, அவருடன் லாரன்ஸ்வில் என்னும் ஊரிலுள்ள பள்ளி ஒன்றின் ஆடுகூடத்திற்குச் சென்றார். பிராட்லி எறிந்த பந்துகள் சில, வளையத்திற் பட்டு வெளியே வீழ்ந்தன. சிறிது நின்று நோக்கிய பிராட்லி, இக்கூடை ஒன்றரை அங்குலம் தாழ்ந்துள்ளது என்றார். மக்பீ பின்னொரு நாள் எஃகு அளவுநாடாவும் ஏணியும் கொண்டுவந்து தாமே அளந்து பார்த்தார். பத்தடிக்கு ஓர் அங்குலமும் அரைக்கால் அங்குலமும் குறைந்திருந்தது! பிறர் கண்ணுக்குப் புலனாகாத அந்தச் சிறு வேறுபாட்டினை அவர் கையே அவருக்கு அறிவித்துவிட்டது. மக்பீ அவ்வரலாற்றினை 1965இல் நூலாக வெளியிட்டார்.

பள்ளிப் படிப்பை முடித்த பிராட்லியை, உதவித்தொகையுடன் தம்மிடம் வருமாறு எழுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அழைத்தன. அவற்றுள் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர இசைவும் தந்துவிட்டார். அந்நிலையில், 1961ஆம் ஆண்டு வேனிற்காலத்தில், பேஸ்பால் ஆடுகையில் அவர் காலெலும்பு முறிந்தது. கட்டுப்போட்ட காலோடு கிடந்த நாள்களில், இனி ஆட இயலாது போயின் தாம் என் செய்வது என்னும் எண்ணம் முதன்முறையாக அவருக்குத் தோன்றிற்று. ஆட்டத்திற்கெனக் கல்லூரியைத் தேர்தல் ஒன்று. கல்விக்கெனத் தேர்தல் மற்றொன்று. வகுப்புகள் தொடங்கச் சில நாள்களே இருந்தபோது மனத்தை மாற்றிக்கொண்டு, நியூஜெர்சி மாநிலத்திலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கு விளையாட்டுத் திறத்திற்காக உதவித்தொகை அளிக்கும் வழக்கம் இல்லை. எழுபது கல்லூரிகள் பொருள் தந்து அழைக்க, பொருள் தந்து பயில வேண்டிய கல்லூரியை நாடியவரைக் கண்டு ஊரார் வியந்திருப்பர்.

பிரின்ஸ்டன் கூடைப்பந்திற் பேர்பெற்ற இடமன்று. அங்கு பிராட்லி மூன்றாண்டுகளில் 83 ஆட்டங்களில் 2,503 புள்ளிகள் ஈட்டினார். 1964ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் அமெரிக்கக் குழுவில் இடம்பெற்றார். அக்குழுவில் வயதில் இளையவர் அவரே. அங்குச் செல்லுமுன் இரஷ்ய மொழியிற் சில சொற்களைக் கற்றுச் சென்றார். இறுதியாட்டத்தில், தம்மைத் தோளால் இடித்த சோவியத்து வீரரை நோக்கி, சற்று மெல்ல இடிக்கலாகாதா என்னும் பொருள்பட அவர் மொழியிலேயே கூறினார். அது கேட்ட எதிரணியினர், இவன் நம் மொழி அறிந்தவன் போலும் என அஞ்சி, ஒருவர்க்கொருவர் உரக்கக் கூறிவந்த குறிப்புகளை நிறுத்திக்கொண்டனராம். அமெரிக்கர் 73–59 என்ற கணக்கில் வென்று பொற்பதக்கம் பெற்றனர்.

அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் நகரத்து மாடிசன் ஸ்கொயர் கார்டன் என்னும் பேரரங்கில் பிரின்ஸ்டனும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் எதிர்த்தன. பெயர் தோட்டமாயினும், அங்குச் செடியும் இல்லை, மலரும் இல்லை. பல்லாயிரவர் அமரும் கூடம் அது. மிச்சிகன் அணியின் தலைமணி காசி ரசல் என்னும் கருநிற வீரர். இப்பெயரை மாணவர் நினைவிற் கொள்க. பின்னும் வரும். அன்று பிராட்லி 41 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் முடிய ஐந்து நிமிடத்திற்கும் குறைவாகவே இருந்தபோது, விதி வகுத்த எண்ணிக்கைக்குத் தவறுகள் இழைத்தமையால் அவர் வெளியேற நேர்ந்தது. அப்போது பிரின்ஸ்டன் 12 புள்ளிகள் முன்னே நின்றது. அவர் அமர்ந்தபின் அணி நிலைகுலைந்தது. ரசல் ஆட்டத்தைத் திருப்பி, 80–78 எனத் தம் அணியை வெற்றி பெறச் செய்தார்.

1965 மார்ச்சில், நாட்டின் கல்லூரிகளுக்கிடையேயான இறுதிச் சுற்றில், அரையிறுதி ஆட்டத்திலும் மிச்சிகனிடமே பிரின்ஸ்டன் தோற்றது. மூன்றாம் இடத்திற்கான ஆட்டம் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்டு நகரில் விசிட்டா பல்கலைக்கழகத்தோடு நிகழ்ந்தது. கல்லூரி மாணவராக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுவே. வெற்றி உறுதியானதும் பிராட்லி தாம் எறியாமல் தோழர்களுக்கே பந்தை வழங்கிக்கொண்டிருந்தார். தோழர்களோ அதனை அவரிடமே திருப்பித் தந்தனர். நீயே எறி என்று பயிற்சியாளரும் ஆணையிட்டார். அன்று அவர் எடுத்த புள்ளிகள் 58. இறுதிச் சுற்று ஆட்டங்களில் அவ்வளவு புள்ளிகளை எடுத்தார் இன்றளவும் வேறொருவர் இலர்.

கல்லூரியில் புகழ் பெற்ற ஆட்டக்காரர்க்கு அடுத்த படி தொழில் ஆட்டமே. ஆயினும் அப்படி மிகக் குறுகியது. அக்காலத்தில் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் இருந்த குழுக்கள் 9 மட்டுமே; குழுவிற்குப் பன்னிருவர் எனக் கொண்டாலும் நூற்றுச் சில்லறை இடங்களே உண்டு. இன்று குழுக்கள் 30 ஆகப் பெருகியபின்னும், நிலையான இடங்கள் ஏறத்தாழ 450 தாம். ஆண்டுதோறும் கல்லூரிகளினின்று வெளிவருவோரோ பல்லாயிரவர். எஞ்சியோருள் ஆடுதலை விடமாட்டாதவர் இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, சீனம், ஆஸ்திரேலியா எனக் கடல் கடந்து செல்கின்றனர். மொழி அறியாத ஊரில், ஓராண்டு ஒப்பந்தத்தில், காயம் பட்டால் கடிதம் ஒன்றோடு திரும்ப வேண்டிய வாழ்வு அவருட் பலர்க்கு வாய்க்கிறது. 2021 முதல், கல்லூரியிற் பயிலும்போதே தம் பெயரையும் படத்தையும் கொண்டு பொருளீட்ட மாணவர்க்கு இசைவு உண்டு. பிராட்லியின் நாளில் அஃது இல்லை. அன்றியும், கூலிக்கு ஆடியவர் ஒலிம்பிக்கில் ஆடலாகாது என்பது அக்காலக் கட்டளை. கூடைப்பந்தில் அக்கட்டளை 1989இல்தான் நீங்கிற்று.

நியூயார்க் நிக்ஸ் என்னும் குழு, 1965இல் பிராட்லியைத் தமக்கெனத் தேர்ந்தெடுத்தது. அவரோ, ரோட்ஸ் அறக்கட்டளையின் உதவி பெற்று, இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அரசியலும் மெய்ப்பொருளியலும் பொருளியலும் பயிலச் சென்றுவிட்டார். ஆட்டக்காரனின் நல்ல ஆண்டுகள் சிலவே. இருபத்திரண்டாம் வயதில் இரண்டாண்டுகளை நூலகத்திற் கழித்தல், வணிகக் கணக்கில் நட்டமே ஆகும். அதனை அறிந்தே அவர் சென்றார்.

எனினும் முதலாண்டில் ஆட்டம் அவரை முற்றும் விடவில்லை. இத்தாலியின் மிலான் நகரத்துக் குழு அவரை அழைத்தது. டின்களில் இறைச்சி அடைத்து விற்கும் சிம்மந்தால் நிறுவனத்தின் பெயரை அக்குழு தாங்கியிருந்தது. அதன் பயிற்சியாளர் செசாரே ரூபினி, 1948 ஒலிம்பிக்கில் நீர்ப்பந்தாட்டத்திற் பொற்பதக்கம் வென்ற குழுவினர்; தண்ணீரிலும் தரையிலும் வல்லவர். பிராட்லி ஆக்ஸ்போர்டில் பயின்றுகொண்டே, ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களுக்கு மட்டும் வானூர்தியிற் சென்று மீண்டார். 1966 ஏப்ரல் முதல் நாள், பொலோனா நகரில், பிராகு நகரத்து ஸ்லாவியா குழுவினை 77–72 என வென்று மிலான் குழு கோப்பையைக் கைக்கொண்டது.

அதன்பின் அவர் பந்தைத் தொடுதலையே விட்டார். மாதங்கள் பல கழிந்தன. ஒருநாள், உடல் தளர்ந்ததே, சிறிது பயில்வோம் என்று ஆக்ஸ்போர்டின் ஆடுகூடத்திற்குத் தனியே சென்றார். காண்போர் எவரும் இலர், எதிர்ப்போரும் இலர். எறிந்தார், எடுத்தார், மீண்டும் எறிந்தார். சிறுவயதில் தம் ஊர்க்கூடத்தில் தனித்து எறிந்த நாள்களின் இன்பம் அப்படியே மீண்டும் வந்து பொருந்திற்று. பொருளுக்காகவோ புகழுக்காகவோ ஆடவேண்டியதில்லை. ஆனால் ஆடாதொழிதல் தம் இயல்பையே மறுப்பதாகும் என அன்று தெளிந்தார். நியூயார்க் குழுவோடு நான்காண்டுகளுக்கு ஐந்து இலட்சம் டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அது அந்நாளில் பெருந்தொகை. ஆங்கிலத்தில் ‘பில்’ என்பது பணத்தாளுக்கும் பெயராதலின், தோழர்கள் அவரை ‘டாலர் பில்’ என்று நகையாடி அழைத்தனர்.

1967 டிசம்பரில் அவர் நியூயார்க் அரங்கில் இறங்கினார். கூட்டம் ஆரவாரித்தது. அந்த ஆரவாரம் நெடுநாள் நிலைக்கவில்லை. கூடைப்பந்தில் பந்தைத் தட்டிச் சென்று ஆட்டத்தை நடத்துவோர் இருவர். அவர் காப்பாளர் எனப்படுவர். கூடையின் இருமருங்கும் நின்று ஆடுவோர் இருவர், அவர் முன்னணியர். நடுவில் நிற்பவர் ஒருவர். ஆறடி ஐந்தங்குல உயரமுள்ள பிராட்லி கல்லூரியில் எவ்விடத்திலும் நின்று ஆடியவர். தொழில் ஆட்டத்தில் அவ்வுயரம் முன்னணியர்க்குப் போதாது எனக் கருதி, அவரைக் காப்பாளராக நிறுத்தினர். எதிரணிக் காப்பாளர்களோ மின்னற்கொடி அனையர். அவர்களைப் பின்தொடர அவர் கால்கள் மறுத்தன. ஈயத் துண்டுகளோடு ஓடிப் பெற்ற வேகம் இங்குச் செல்லவில்லை. அம்முதற் பருவத்தில் ஆட்டத்திற்கு 8 புள்ளிகள் என்பதே அவர் சராசரி. கல்லூரியில் அது 30க்கு மேல். வாழ்த்திய கூட்டமே வசைபாடியது. நாணயங்களை அவர்மேல் எறிந்தோரும் உண்டு. முன்பு ரசலோடு பொருது 41 புள்ளிகள் எடுத்த அதே கூடத்தில் இது நிகழ்ந்தது. அந்த ரசல் இப்போது அதே நியூயார்க் குழுவில் முன்னணியராக ஒளிர்ந்துகொண்டிருந்தார்.

தோல்வியிலும் பிராட்லி செய்தது, சிறுவயதிற் செய்ததே. 1968 வேனிற்காலத்தில், பிலடெல்பியா நகரில் கருநிற மக்கள் வாழும் பகுதியில் நடைபெற்ற ஓய்வுக்கால ஆட்டங்களிற் சேர்ந்து ஆடினார். அங்குப் பரிசுமில்லை, பெரும்புகழுமில்லை. நாட்டின் தலைசிறந்த தொழில் ஆட்டக்காரர் பலர் அங்கு வந்து ஆடுவர். அவர்களிடம் அடிபட்டுக் கற்பதற்கென்றே, ஐந்து இலட்சம் டாலர்க்கு உரியவர் ஊர்விட்டு ஊர் சென்றார்.

1969 ஜனவரியில் ரசலின் காலெலும்பு முறிந்தது. வேறு வழியின்றி அவ்விடத்தில் பிராட்லியை நிறுத்தினார் பயிற்சியாளர் ரெட் ஹோல்ஸ்மன். முன்னணியரைப் பின்தொடர மின்னல் வேகம் வேண்டியதில்லை. ஓயாது ஓடும் நெஞ்சுரமும், இடமறிந்து நிற்கும் அறிவும் போதும். இவையோ பிராட்லியிடம் நிறைந்திருந்தன. பந்து தம் கையில் இல்லாதபோதும் இடைவிடாது இயங்கி, தம்மைத் தொடர்பவனை அலைக்கழித்து, வெற்றிடம் கண்டு வந்து நின்று, பந்து வந்தவுடன் எறிவார். அன்றேல் தம்மினும் நல்லிடத்தில் நிற்பவனுக்கு வழங்குவார். ரசல் குணமாகி மீண்டபோது, அவ்விடம் அவருக்குத் திரும்பக் கிட்டவில்லை. மாற்றாட்டக்காரராய் அமர்ந்து, வேண்டும்போது இறங்கி ஆடும் நிலை அவருக்கு வந்தது. ஒருவர் எலும்பு முறிவே மற்றொருவர்க்கு வாழ்வாயிற்று. ரசல் திறத்திற் குறைந்தவர் அல்லர். இதனை எவ்வாறு கொள்வதென்பது எளிதில் விடுக்க இயலாத வினா.

அக்குழு பலவகைக் கல்லூரிகளின் கூட்டு. வில்லிஸ் ரீடு, டிக் பார்னெட் இருவரும் தெற்கே கருநிற மாணவர்க்கென நிறுவப்பட்ட கல்லூரிகளிற் பயின்றவர். வால்ட் பிரேசியர் இல்லினாயிலிருந்தும், டேவ் டிபுஷர் டெட்ராயிட்டிலிருந்தும் வந்தவர். பார்னெட் ஆட்டத்தை விட்டபின் கல்வித்துறையில் முனைவர் பட்டம் பெற்றார் என்பதை இங்கே சொல்லாது விடலாகாது.

1970ஆம் ஆண்டு, முதன்மைக்கான ஏழு ஆட்டத் தொடரில், லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் குழுவை அவர்கள் எதிர்த்தனர். இரு குழுவும் இவ்விரண்டு வென்றிருந்தன. ஐந்தாம் ஆட்டத்தில் நடுவர் இடத்தில் நின்ற ரீடு, தொடைத் தசை பிய்ந்து களத்தில் வீழ்ந்தார். எதிரணியின் நடுவில் நின்றவரோ வில்ட் சேம்பர்லின், ஏழடிக்கு மேல் உயர்ந்த மாமல்லர். இடைவேளையில் நியூயார்க் 13 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. உடைமாற்றும் அறையில் அனைவரும் சோர்ந்திருக்க, பிராட்லி ஒரு யோசனை கூறினார். கல்லூரி ஆட்டத்தில், ஆளுக்கு ஓர் ஆளைத் தொடராமல், இடத்தைப் பங்கிட்டுக் காக்கும் முறை உண்டு. அத்தகைய காப்பினை உடைக்க, மூவர் வெளியிலும் இருவர் மூலைகளிலுமாகப் பரந்து நிற்பர். தொழில் ஆட்டத்தில் அவ்வகைக் காப்பு அந்நாளில் விலக்கப்பட்டிருந்தமையால், அதனை உடைக்கும் அமைப்பும் அங்கு வழக்கிழந்திருந்தது. அவ்வமைப்பில் நிற்போம், நடுவிடத்தை வெறிதே விட்டுவிட்டால், சேம்பர்லின் கூடையை விட்டு வெளியே வந்தாக வேண்டும், வாராவிடின் நம்முள் ஒருவன் தடையின்றி எறிவான் என்றார் அவர். ஹோல்ஸ்மன் இசைந்தார். கல்லூரிக் களத்துப் பழம்பாடம் தொழிற்களத்தில் உயிர்பெற்றது. மாமல்லர் எவ்விடத்து நிற்பதென்று அறியாது திகைத்தார். நியூயார்க் 107–100 என வென்றது. ஆறாம் ஆட்டத்தில் தோற்றாலும், மே 8ஆம் நாள் நிகழ்ந்த ஏழாம் ஆட்டத்தில், நொண்டியபடியே ரீடு களம் புகுந்து முதலிரு கூடைகளைப் போட, பிரேசியர் 36 புள்ளிகள் எடுக்க, முதன்மை அவர்கள் கைக்கு வந்தது. 1971இல் ரசல் வேறு குழுவிற்கு மாற்றப்பட்டார். 1973இல் நியூயார்க் மீண்டும் முதன்மை பெற்றது.

பொருள்களைப் புகழ்ந்து விளம்பரம் செய்தால் பெருந்தொகை தருவதாக வணிகர் பலர் பிராட்லியை நாடினர். தம்மினும் சிறந்த கருநிறத் தோழர்களை அவர்கள் அவ்வாறு நாடவில்லை என்பதை அவர் கண்டார். தம் நிறத்திற்குத் தரும் கூலி அது எனக் கருதி, ஏற்க மறுத்தார்.

பத்தாண்டு ஆடி, 742 ஆட்டங்களில் 9,217 புள்ளிகள் பெற்று, 1977இல் ஓய்வு கொண்டார். மறு ஆண்டே நியூஜெர்சி மாநிலத்தின் சார்பில் அமெரிக்க மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1979 முதல் 1997 வரை உறுப்பினராக விளங்கினார். 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் உருவாக முன்னின்றோருள் அவரும் ஒருவர். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் குடியரசுத் தலைவர் பதவியை நாடித் தம் கட்சிக்குள் போட்டியிட்டார், அது கைகூடவில்லை.

நியூயார்க் குழுவில் அவர் அணிந்த சட்டையின் எண் 24. அவ்வெண்ணை 1984இல் அக்குழு வேறெவர்க்கும் வழங்காது நிறுத்திக்கொண்டது. பிரின்ஸ்டனில் அவர் அணிந்தது, அவ்விலக்கங்களே இடம் மாறிய 42. அவருக்கு முன் அதே எண்ணை அணிந்து பிரின்ஸ்டனில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர் டிக் காஸ்மாயர். 1951இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்க்குரிய ஹைஸ்மன் விருது அவருக்குக் கிடைத்தது. தொழிற்குழு அவரையும் தேர்ந்தெடுத்தது. அவர் அதனை மறுத்து, ஹார்வர்டில் வணிகக் கல்வி பயிலச் சென்று, பின் ஒருபோதும் கூலிக்கு ஆடவில்லை. 2008ஆம் ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், சென்றவர் ஒருவர், செல்லாதவர் ஒருவர் ஆகிய இருவர் பெயராலும், 42 என்னும் எண்ணைத் தன் விளையாட்டுக் குழுக்கள் எவற்றிலும் இனி எவரும் அணியாதவாறு எடுத்து வைத்தது.